மெல்லச் சுழலும் பெரிய சிறுகோளின் சுழற்சிக் காலத்தை நீங்களே அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1997 ஜூன் 27 அன்று நாசாவின் நியர் விண்கலம் 253 மத்தில்டே என்ற சிறுகோளை 1,212 கிலோமீட்டர் தூரத்தில், நொடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போனது. படம் எடுக்கக் கிடைத்த நேரம் ஏறக்குறைய 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் மத்தில்டே தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதனால்தான் அதன் பரப்பில் சுமார் 60 சதவீதம் மட்டும் படத்தில் பதிந்தது, மறுபக்கம் எப்படி இருக்கும் என்பது இன்றுவரை யாரும் பார்க்காத விஷயம்.

மத்தில்டே ஒரு சுற்றுச் சுற்ற 417.7 மணி நேரம் ஆகிறது, அதாவது 17.4 நாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள முதன்மைப் பட்டையில் பெரும்பாலான பெரிய சிறுகோள்கள் 4 முதல் 12 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். மத்தில்டேயின் விட்டம் ஏறக்குறைய 53 கிலோமீட்டர், அதன் நடுக்கோட்டில் நிற்கும் ஒரு புள்ளி நொடிக்கு வெறும் 11 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. தவழும் குழந்தை அதைவிட வேகமாகப் போகும்.

இந்த மாதிரி மந்தமான சிறுகோள்களின் சுழற்சிக் காலத்தை ஒரு 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் வைத்து அளக்க முடியும். முடியும் என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன், இந்த வேலைக்குப் பெரிய ஆய்வகங்களைவிட நம்மைப் போன்றவர்களே பொருத்தமானவர்கள். பெரிய தொலைநோக்கியில் ஒருவருக்கு மூன்று நாலு இரவு கிடைப்பதே பெரிது. இதற்குத் தேவை முப்பது, நாற்பது இரவு, ஒவ்வொன்றிலும் அரை மணியோ ஒரு மணியோ. அந்த அரை மணியை எப்படிச் செலவழிப்பது, அதில் கிடைத்த எண்ணை அடுத்த வார எண்ணோடு எப்படி நம்பிக்கையாக ஒட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

முதலில் அடிப்படை, சுருக்கமாக

சிறுகோள் நமக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அது உருண்டையாக இல்லாமல் உருளைக்கிழங்கு மாதிரி நீளமாக இருந்தால், நீளப்பக்கம் நம்மைப் பார்க்கும்போது பிரகாசமாகவும் குறுகிய பக்கம் பார்க்கும்போது மங்கலாகவும் தெரியும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நேரத்துக்கு எதிராகப் பிரகாசத்தைக் குறித்தால் வருவதுதான் லைட் கர்வ் என்று எல்லோரும் சொல்லும் ஒளி வளைகோடு. மத்தில்டேக்கு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.45 மேக்னிட்யூட். மேக்னிட்யூட் என்பது வானியலில் பிரகாசத்தை அளக்கும் அளவு, எண் கூடக் கூட மங்கல்.

சாதாரண சிறுகோளுக்கு வேலை எளிது: ராத்திரி முழுக்கப் படம் எடுத்தால் ஒரே இரவில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், பக்கத்தில் இருக்கும் விண்மீன்களோடு ஒப்பிட்டாலே போதும். மந்தமானதில் அது நடக்காது. மத்தில்டேயை ஆறு மணி நேரம் விடாமல் பார்த்தால் அது 5 பாகைதான் திரும்பியிருக்கும், பிரகாசம் சராசரியாக 0.03 மேக்னிட்யூட்கூட மாறியிருக்காது. திரையில் ஒரு நேர்க்கோடு தெரியும், அவ்வளவுதான். ரொம்ப நாளாக இந்த நேர்க்கோடுகளை "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள், அதனால் மந்தச் சிறுகோள்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே பட்டியல்களில் ஏறின. 2018ல் ஏவப்பட்ட டெஸ் விண்வெளித் தொலைநோக்கி வானத்தின் ஒரே பகுதியை ஏறக்குறைய 27 நாள் தொடர்ந்து பார்க்கக்கூடியது. அந்தத் தரவில் ஆயிரக்கணக்கான சிறுகோள்களை அலசியபோது மெல்லச் சுழல்பவை நினைத்ததைவிட நிறைய என்று தெரியவந்தது.

படி 1: எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

முதல் முயற்சிக்கு விடை தெரிந்த ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் மத்தில்டேதான். வியன்னாவில் வானியலாளர் யோஹான் பலீசா 1885 நவம்பர் 12ல் கண்டுபிடித்தது, ஆனால் இவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்பது 1995ல் ஸ்டெஃபானோ மொட்டோலாவும் கூட்டாளிகளும் பல இரவுகள் சேர்ந்து கவனித்த பிறகுதான் உறுதியானது, நூற்றுப்பத்து வருஷம் கழித்து. அதன் சுற்றுப்பாதை நன்றாக நீண்டிருப்பதால் சில எதிரமைவுகளில் 12 மேக்னிட்யூடுக்குப் பக்கத்தில் வரும், சிலவற்றில் 14ஐத் தாண்டி மங்கிவிடும். எதிரமைவு என்றால் பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் சிறுகோள் வந்து நிற்கும் காலம். பிரகாசமான எதிரமைவு வரும் வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கை பழகிய பிறகு 288 கிளௌக்கே இருக்கிறது, 32 கிலோமீட்டர் அளவு, சுழற்சிக் காலம் சுமார் 1,170 மணி, கிட்டத்தட்ட 49 நாள். 912 மரிட்டிமா 80 கிலோமீட்டருக்கு மேல், அதற்குக் கொடுத்திருக்கும் எண் 1,332 மணி. 846 லிப்பெர்ட்டாவுக்கு 1,641 மணி, அறுபத்தெட்டு நாளுக்கும் மேல். கடைசி இரண்டையும் இன்னும் நிறையப் பேர் மறுபடி அளக்க வேண்டும் என்பது என் கருத்து, இவ்வளவு நீண்ட காலங்களை ஒன்றிரண்டு அளவீடுகளை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

தேர்ந்தெடுக்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சிறுகோள் ஒளி வளைகோடுகளின் தரவுத்தளமான எல்சிடிபி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'யூ' என்ற தரக் குறியீடு இருக்கும், 3 என்றால் சந்தேகம் இல்லை, 2 என்றால் ஏறக்குறைய சரி, 1 என்றால் தவறாகவே இருக்கலாம். இன்னொன்று, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் தளத்தில் அது அடுத்த நாலு மாதத்துக்கு எந்த இரவில் எங்கே இருக்கும், எவ்வளவு பிரகாசம், சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் எவ்வளவு தூரம், கலைக் கோணம் (சிறுகோளிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள கோணம்) எவ்வளவு என்ற பட்டியல். அந்தப் பட்டியலைத் தினசரி வரிகளாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை அது தேவைப்படும். பால்வழியின் நெரிசலான பகுதி வழியாகப் போகும் வருஷம் என்றால் விட்டுவிடுங்கள். தினம் ஏதாவது ஒரு மங்கலான விண்மீன் சிறுகோளின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

படி 2: கருவியைக் கட்டிப்போடுங்கள்

கட்டிப்போடுவது என்று சொல்வது மாற்றாமல் வைப்பதைத்தான். தொலைநோக்கி, கேமரா, ஃபில்டர், கெயின், சென்சார் வெப்பநிலை எல்லாம் முதல் இரவில் என்னவோ அதுவே கடைசி இரவிலும். குளிரூட்டப்பட்ட கருப்பு வெள்ளைக் கேமரா இருந்தால் நல்லது. ஃபில்டரில் நான் சிவப்பு ஒளியை விடும் ஆர் அல்லது ஸ்லோன் ஆர் பரிந்துரைப்பேன். நிலா வெளிச்சமும் தெருவிளக்கும் அதில் கொஞ்சம் குறைவாகத் தொந்தரவு செய்யும், சிறுகோள் சிவப்புப் பக்கத்தில் நன்றாகவே ஒளி தரும். ஃபில்டர் இல்லாமலும் செய்கிறார்கள், வேகமாகச் சுழல்பவற்றுக்கு அது பரவாயில்லை. பல வாரம் ஒட்ட வேண்டிய வேலைக்கு ஃபில்டர் போடாமல் இறங்காதீர்கள், விண்மீன்களின் நிறத்துக்கு ஏற்ப ஒவ்வொரு இரவும் ஒரு சின்னப் பிழை நுழையும், அதை அப்புறம் பிரித்து எடுக்கவே முடியாது.

கேமராவின் சொந்தக் குறைகளைக் கழிக்க எடுக்கும் டார்க், பயஸ், ஃப்ளாட் படங்கள் எல்லாம் வழக்கம்போல. சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃப்ளாட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். லென்ஸ் ஓரத்து மங்கல் சரியாகத் திருத்தப்படாவிட்டால் மூலையில் 2 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும், அது 0.02 மேக்னிட்யூட். எனவே சிறுகோளை ஒவ்வொரு இரவும் படத்தின் நடுவில், முடிந்தவரை அதே இடத்தில் வையுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது, ஆனால் நிறையப் பேர் செய்வதில்லை.

படி 3: ஒரு இரவின் வேலை

எக்ஸ்போஷர் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். முதன்மைப் பட்டைச் சிறுகோள் எதிரமைவுக்குப் பக்கத்தில் நிமிஷத்துக்கு அரை ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) போல நகரும். உங்கள் படத்தில் விண்மீனின் அகலம் 3 ஆர்க் செகண்ட் என்றால், 3ஐ 0.5ஆல் வகுத்து 6 நிமிடம், அதுதான் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் சிறுகோள் கோடாக இழுபடும். 13 மேக்னிட்யூட் சிறுகோளுக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடமே போதும். குறி என்னவென்றால் ஒரு படத்தில் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 50க்கு மேல் வர வேண்டும், அப்போதுதான் பிழை 0.02 மேக்னிட்யூடுக்குப் பக்கத்தில் நிற்கும்.

சிறுகோள் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறிய பிறகு பத்துப் படம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னும் பத்துப் படம். அவ்வளவுதான், தொலைநோக்கியை அன்றைய மற்ற வேலைக்கு விடலாம். பத்துப் படத்தின் சராசரியை ஒரே புள்ளியாக எடுத்தால் பிழை 0.01க்குள் இறங்கும். இரண்டு தொகுதி எதற்கு என்றால், ஒன்றில் சிறுகோள் ஏதாவது விண்மீனைத் தொட்டுக்கொண்டு போனால் மற்றது காப்பாற்றும்.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரே ஒரு இரவு முழுக்க, ஆறேழு மணி நேரம் விடாமல் எடுத்துவிடுங்கள். விடை தெரியாத சிறுகோள் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஐந்து மணி நேரத்தில் வேகமாகச் சுழலும் ஒன்றைத் தினம் ஒரே நேரத்தில் மட்டும் பார்த்தால், அது மெதுவாக மாறுவதுபோலவே பொய்யாகத் தெரியும். ஒரு முழு இரவு நேர்க்கோடாக வந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

அப்புறம், நிலாவுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பௌர்ணமியையும் ஒட்டி ஒரு வாரம் விட்டுவிட்டால் உங்கள் தரவில் 29.5 நாளுக்கு ஒருமுறை ஒரு ஓட்டை விழும். 17 நாள், 25 நாள், 40 நாள் காலங்களைத் தேடும்போது அந்த ஓட்டையின் தாளம் விடைக்குள் புகுந்துவிடும். பிழை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நிலாவிலிருந்து 30 பாகையாவது தள்ளி இருந்தால் எடுங்கள்.

படி 4: ஜீரோ பாயிண்ட், இந்த வேலையின் உயிர்

ஜீரோ பாயிண்ட் என்றால் படத்தில் அளந்த ஒளியை உண்மையான மேக்னிட்யூடாக மாற்றும் அடிப்படை எண். இதை நிதானமாகப் படியுங்கள், மற்ற படிகளில் சறுக்கினால் திருத்திக்கொள்ளலாம், இதில் சறுக்கினால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும்.

சிறுகோள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று அதன் பக்கத்தில் இருக்கும் விண்மீன்கள் மூன்று நாள் கழித்து உங்கள் படத்திலேயே இருக்காது. வேகமாகச் சுழலும் சிறுகோள் என்றால் ஒவ்வொரு இரவின் வளைகோட்டையும் மேலே கீழே தள்ளிப் பொருத்திக்கொள்ளலாம், வடிவமே வழிகாட்டும். நமக்கோ ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு புள்ளி. அதைத் தள்ள ஆரம்பித்தால் என்ன வடிவம் வேண்டுமானாலும் வரும். எனவே ஒவ்வொரு இரவின் எண்ணும் தன் காலில் நிற்க வேண்டும். விண்மீன்களின் உண்மையான மேக்னிட்யூட் ஒரு நம்பகமான அட்டவணையிலிருந்து வர வேண்டும், முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் அதே அட்டவணை.

அட்லஸ் ரெஃப்கேட்2 முழு வானத்துக்கும் கிடைக்கிறது, நான் அதைத்தான் நம்புகிறேன். பான்-ஸ்டார்ஸ் அட்டவணையும் அருமையானது, ஆனால் தெற்கு வானத்தில் −30 பாகைக்குக் கீழே அது கிடையாது. எதை எடுத்தாலும் நடுவில் மாறாதீர்கள். பன்னிரண்டு இரவு எடுத்த பிறகு ஒருமுறை நான் வேறு அட்டவணைக்கு மாறினேன், மென்பொருளின் புதுப் பதிப்பில் அது சுலபமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. பதின்மூன்றாவது இரவு 0.06 மேக்னிட்யூட் குதித்தது. அது சிறுகோளின் பள்ளத்துக்குள் போகும் இறக்கம் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய படங்களைப் புது அட்டவணையில் மறுபடி அளந்தபோதுதான் அந்த இறக்கமே இல்லை என்று தெரிந்தது.

ஒப்பீட்டு விண்மீன்களை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். சூரியன் நிறத்துக்குப் பக்கத்தில் இருப்பவை வேண்டும், அதாவது பி-வி நிறக் குறியீடு 0.5க்கும் 0.9க்கும் நடுவில். சிறுகோள் சூரிய ஒளியைத்தான் திருப்பித் தருகிறது, நிறம் ஒத்துப்போனால் ஃபில்டரும் காற்றும் கொண்டுவரும் பிழைகள் இரண்டு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். ஐந்திலிருந்து பத்து விண்மீன் போதும், அவற்றில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனியாக நின்றால் அது மாறும் விண்மீனாக இருக்கலாம், எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. வாரத்துக்கு ஒருமுறை, போன வாரம் சிறுகோள் இருந்த பகுதியை மறுபடி படம் எடுங்கள், இப்போது அங்கே சிறுகோள் இருக்காது. அதே இரவில் இன்றைய பகுதியையும் எடுங்கள். இரண்டு பகுதிகளின் விண்மீன்களையும் ஒரே வானத்தில், ஒரே காற்றில் ஒப்பிட்டால் அட்டவணை இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நேரடியாகத் தெரியும். 0.01 வித்தியாசம் என்றால் நிம்மதி. 0.03 என்றால் ஏதோ ஒரு விண்மீன் சரியில்லை.

அளப்பதற்கு டைக்கோ டிராக்கர், எம்பிஓ கனோபஸ், இலவசமாகக் கிடைக்கும் அஸ்ட்ரோஇமேஜ்ஜே ஆகியவை பழக்கத்தில் இருக்கின்றன. எதுவானாலும் அளக்கும் வட்டத்தின் அளவை, அன்றைய விண்மீன் அகலத்துக்கு எத்தனை மடங்கு என்ற விகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து, வட்டத்துக்குள் அந்நிய விண்மீன் இருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

படி 5: தூரமும் கோணமும் கொண்டுவரும் மாற்றத்தைக் கழியுங்கள்

சிறுகோள் சுழலவே இல்லை என்றாலும் அதன் பிரகாசம் தினம் மாறும். இதன் அளவு எவ்வளவு என்று ஒரு உதாரணத்தில் பார்த்தால் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

முதல் இரவில் சூரியனிலிருந்து 2.00 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம் ஒரு அலகு), பூமியிலிருந்து 1.01, கலைக் கோணம் 5 பாகை. ஏறக்குறைய மூன்றரை வாரம் கழித்து 2.02, 1.12, 17 பாகை. தூரத் திருத்தம் என்பது இரண்டு தூரங்களையும் பெருக்கி, அதன் லாகரிதத்தை 5ஆல் பெருக்குவது. முதல் இரவுக்கு 1.53, இரண்டாவதுக்கு 1.77. ஆக தூரத்தால் மட்டும் 0.25 மேக்னிட்யூட் மங்கல். கோணத்துக்கு, 1985ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட எச்-ஜி முறையை எடுத்து, கோணம் கூடும்போது சிறுகோள் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைக் குறிக்கும் ஜி மதிப்பு வழக்கமான 0.15 என்று வைத்தால் இன்னொரு 0.48. இரண்டும் சேர்ந்து 0.73. நீங்கள் தேடும் சுழற்சியின் மாற்றமோ 0.45தான். தேடும் பொருளைவிடத் திருத்தம் பெரியது!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்தில்டே மாதிரி கரி போன்ற கருப்பான சிறுகோள்களுக்கு ஜி மதிப்பு 0.15ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே இரண்டு இரவுகளுக்கு ஜி 0.05 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கோணத் திருத்தம் 0.55 ஆகிறது, 0.07 வித்தியாசம். அது பொய்யான ஒரு சரிவாகத் தரவு முழுக்கப் படியும். எனவே ஜி மதிப்பைத் தெரிந்த ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல், சுழற்சிக் காலத்தோடு சேர்த்து அதையும் தேடுங்கள்: 0.00, 0.05, 0.10, 0.15, 0.20, 0.25 என்று வைத்து ஒவ்வொன்றுக்கும் வளைகோடு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். எதிரமைவுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் தரவு இருந்தால் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கோணம் இறங்கி மறுபடி ஏறும், சுழற்சிக்கு அந்தச் சமச்சீர் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே எதிரமைவுக்கு ஐந்தாறு வாரம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். கோணம் இரண்டு மூன்று பாகைக்குள் இறங்கும் இரவுகளில் பிரகாசம் திடீரென்று கூடும், அந்த இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒளி பயண நேரத் திருத்தத்தை மென்பொருள் தானே செய்துவிடும். ஒரு வானியல் அலகுக்கு 499 நொடி, 417 மணிக்கு முன்னால் அது பெரிய விஷயமில்லை.

படி 6: காலத்தைத் தேடுதல்

திருத்திய புள்ளிகளைத் தேதிக்கு எதிராகக் குறித்து, மென்பொருளைத் தொடாமல் முதலில் கண்ணால் பாருங்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே, அடுத்த மேடு எத்தனை நாள் கழித்து என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை 8.7 நாள் என்றால் முழுச் சுற்று அதன் இரண்டு மடங்காக, 17.4ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. மாற்றம் 0.4 மேக்னிட்யூடுக்கு மேல், கலைக் கோணமும் சின்னது என்றால் இரண்டு மேடு என்பதைத் தைரியமாகவே சொல்லலாம், நீளமான உருவம் இல்லாமல் அவ்வளவு பெரிய மாற்றம் வருவது அபூர்வம். 0.15, 0.2 போன்ற சின்ன மாற்றம் என்றால் ஒரு மேடும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம், பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

அதன் பிறகு ஃபூரியே தொடர் தேடல், அதாவது பல சைன் அலைகளைக் கூட்டி வளைகோட்டை உருவாக்கி, எந்தக் காலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. வானியலாளர் ஆலன் ஹாரிஸ் 1989ல் கொடுத்த முறைதான் பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது. இரண்டாவது அல்லது நாலாவது வரிசைக்கு மேல் போகாதீர்கள், முப்பது புள்ளிக்கு எட்டாவது வரிசை கொடுத்தால் எந்தக் காலத்துக்கும் அழகாகப் பொருந்தும். தேடலின் வரைபடத்தில் எல்லாவற்றையும்விட ஆழமான பள்ளத்தை, அதாவது பொருத்தப் பிழை குறைந்த காலத்தை மட்டும் பார்க்காமல் அதன் பாதி, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு காலங்களிலும் மடித்துப் பாருங்கள், அதாவது எல்லாச் சுற்றுகளின் புள்ளிகளையும் ஒரே சுற்றின் மேல் அடுக்கிப் பாருங்கள். இரண்டு மேடும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தால் பாதிக் காலத்தையும், நாலு மேடு வந்தால் இரண்டு மடங்கு எடுத்துவிட்டீர்களா என்பதையும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு நாள் எடுத்தால் போதும்? குறைந்தது ஒன்றரைச் சுற்று, இரண்டு முழுச் சுற்று இருந்தால் நிம்மதி. மத்தில்டேக்கு ஐந்து வாரம். கிளௌக்கேக்கு மூன்று மாதத்துக்கு மேல், அதாவது அது வானில் வசதியாகத் தெரியும் காலத்தின் பெரும்பகுதி. லிப்பெர்ட்டாவுக்கு இரண்டு சுற்று என்றால் நாலரை மாதம், அதைத் தனியாளாகச் செய்வது ரொம்பக் கஷ்டம், வேறு இடங்களில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து மேகம் வந்த நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் ஒரே அட்டவணை, ஒரே ஃபில்டர்.

கிடைத்த எண்ணுக்கு எத்தனை தசமம் எழுதலாம் என்பதிலும் நேர்மை வேண்டும். நாம் அளப்பது விண்மீன்களை வைத்துப் பார்க்கும் உண்மையான சுழற்சி இல்லை, பூமியும் சூரியனும் சிறுகோளைப் பார்க்கும் திசை மாறிக்கொண்டே இருக்கும்போது தெரியும் தோற்றச் சுழற்சி. அந்தத் திசை நாளுக்கு 0.1 பாகை நகர்ந்தால்கூட 17.4 நாளில் 1.7 பாகை ஆகிறது, 417 மணியில் அது 2 மணி நேரம். அதனால் முதல் முயற்சியில் "418 மணி, கூடக் குறைய 3" என்று எழுதினால் அதுவே நல்ல அளவீடு.

படி 7: இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேல் உட்காரவில்லை என்றால்

இது நடக்கும். ஜீரோ பாயிண்டைச் சரிபார்த்தாகிவிட்டது, ஜி மதிப்பையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, ஆனாலும் இரண்டாவது சுற்றின் பள்ளம் 0.1 மேக்னிட்யூட் மேலே நிற்கிறது. அப்போது சிறுகோள் ஒரே அச்சில் சுற்றாமல் தள்ளாடிக்கொண்டு சுழல்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பூமிக்குப் பக்கத்தில் வரும் 4179 டூட்டாட்டிஸ் இப்படித்தான் 5.4 நாள், 7.3 நாள் என்று இரண்டு காலங்களில் புரண்டு சுழல்கிறது, ராடார் படங்களில் அதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

மந்தமானவற்றில் இது ஏன் சகஜம் என்பதை ஹாரிஸின் ஒரு எளிய கணக்கு காட்டுகிறது. ஒரு மோதல் சிறுகோளைத் தள்ளாட வைத்தால், உள்ளுக்குள் நெளிந்து நெளிந்து அந்த ஆட்டம் வெப்பமாகிக் கரைந்து, கடைசியில் ஒரே அச்சில் அமைதியாகும். அதற்கு எடுக்கும் காலத்தை நூறு கோடி வருஷங்களில், அதாவது பில்லியனில் கணக்கிட, மணியில் உள்ள சுழற்சிக் காலத்தின் மும்மடிப் பெருக்கத்தை, 17இன் மும்மடியாலும் கிலோமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். 53 கிலோமீட்டர் சிறுகோள் 8 மணியில் சுற்றினால் சுமார் 37,000 வருஷத்தில் ஆட்டம் அடங்கும். அதே அளவு, மத்தில்டேயின் 417.7 மணி என்றால் 5 பில்லியன் வருஷத்துக்கு மேல், சூரியக் குடும்பத்தின் வயதே 4.6 பில்லியன்தான். மரிட்டிமாவின் எண்களைப் போட்டால் 70 பில்லியனைத் தாண்டுகிறது. அதாவது அப்படி ஒன்று ஒருமுறை தள்ளாட ஆரம்பித்தால் நிற்க நேரமே கிடைக்காது.

இவ்வளவு பெரிய உடல்கள் எப்படி இவ்வளவு மெதுவாகின என்பதற்கு இன்னும் முடிவான பதில் கிடையாது. சூரிய ஒளி பட்டு, பரப்பிலிருந்து வெப்பம் சமச்சீர் இல்லாமல் கிளம்பும்போது கிடைக்கும் மெல்லிய முறுக்குவிசை, யார்ப் விளைவு என்பார்கள், அது சின்னச் சிறுகோள்களை மெதுவாக்கவும் வேகமாக்கவும் செய்கிறது. 2007ல் இரண்டு சின்னச் சிறுகோள்களில் அதை நேரடியாகவே அளந்துவிட்டார்கள். ஆனால் விட்டம் கூடக் கூட அதன் வலு வேகமாகக் குறையும், 50, 80 கிலோமீட்டர் உடலை நிறுத்த அது போதுமா என்பது கேள்விதான். மத்தில்டேக்கு நிலா இருந்து அது சுழற்சியைத் தின்றிருக்குமோ என்று நியர் படங்களில் தேடினார்கள், எதுவும் தென்படவில்லை. கிடைத்தது வேறு: அடர்த்தி நீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், நீரைப் போல 1.3 மடங்கு, உள்ளே பாதி வெற்றிடம், 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஐந்து பள்ளங்கள். அதன் கருமையைப் பார்த்து அந்தப் பள்ளங்களுக்கு உலகத்தின் நிலக்கரி வயல்களின் பெயரை வைத்தார்கள், மிகப் பெரியது கரூ, மற்றவற்றில் தாமோதரும் போகாரோவும் உண்டு. அந்த மோதல்களில் ஒன்றுதான் சுழற்சிக்கு எதிராக விழுந்து அதை நிறுத்தியதா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தள்ளாட்டம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் தரவை ஒரே காலத்துக்குள் கட்டாயப்படுத்தாதீர்கள். பொருந்தாத இரவுகளை நீக்கிவிட்டு அழகான வளைகோடு வரைவது எளிது, ஆனால் அந்தப் பொருந்தாத இரவுகளில்தான் இரண்டாவது காலம் ஒளிந்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் அப்படியே வைத்து, முக்கியமான காலம் இது, இரண்டாவது சுற்று இவ்வளவு விலகுகிறது என்று எழுதுங்கள்.

படி 8: தரவை வெளியே கொடுங்கள்

அளவீடுகளை ஆல்க்டெஃப் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றலாம், முடிவை மைனர் பிளானட் புல்லட்டின் இதழுக்கு எழுதலாம், அமெச்சூர்களின் ஒளி வளைகோடுகள் அதில் நிறைய வருகின்றன. ஏற்றும்போது திருத்தாத மேக்னிட்யூட், எந்த அட்டவணை, எந்த ஃபில்டர், எந்தெந்த ஒப்பீட்டு விண்மீன்கள் என்பதைச் சேர்த்துக் கொடுங்கள், திருத்திய எண்ணை மட்டும் கொடுத்தால் நாளைக்கு ஜி மதிப்பு மாறும்போது உங்கள் உழைப்பை யாரும் மறுபடி பயன்படுத்த முடியாது. அடுத்த எதிரமைவு வரும்போது, மத்தில்டேக்கு ஏறக்குறைய பதினாறு மாதத்தில், உங்கள் இந்த எண்களோடு சேர்த்துத்தான் அடுத்தவர் தேடத் தொடங்குவார், அந்த அடுத்தவர் நீங்களாகவும் இருக்கலாம், எனவே ஒவ்வொரு இரவின் குறிப்பையும் ஒரு வருஷம் கழித்துப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதி வையுங்கள்.